செஞ்சிக்கோட்டையும் ஒரு வரி ரீஃபண்டும்

நம்ம ஊர் வீரக்கதைகளை எடுத்து வச்சுப் பாருங்க, பாதிக்குப் பாதி வரி பாக்கிக் கதைதான். கட்டபொம்மனைக் கயத்தாறுல தூக்கில் போட்டது 1799ல். அதுக்கு 85 வருஷம் முன்னாடி, 1714ல், செஞ்சியில் தேசிங்கு ராஜா செத்த சண்டையும் வரி பாக்கியில்தான் ஆரம்பிச்சது. "கட்ட மாட்டேன் போடா"ன்னு சொன்னவனுக்குச் சிலை இருக்கு, தெருக்கூத்து இருக்கு, கதைப்பாட்டு இருக்கு, எம்.ஜி.ஆர் நடிச்ச படமே இருக்கு (ராஜா தேசிங்கு, 1960).

சரி, ஒழுங்கா கட்டினவன் கதை? அதைவிட முக்கியம், கூடுதலா கட்டிட்டு, "என் பங்கு போக மிச்சத்தைத் திருப்பிக் குடுங்க சாமி"ன்னு போய் நின்னவன் கதை? அதை யாரும் பாட்டாப் பாடலை. இந்தப் பதிவு அந்த ஆளைத் தேடி. எங்க அம்மா ஊர் செஞ்சிப் பக்கம்கறதால தேடலையும் அங்கேயே வச்சுக்கிட்டேன். சுத்தி இருக்கற ஊர்களுக்கும் கொஞ்சம் போயிட்டு வருவோம், கோச்சுக்காதீங்க.

இந்த நினைப்பு ஏன் வந்ததுன்னா, நியூ ஜெர்சியில் பொட்டி தட்டற கல்லூரி நண்பன் ஒருத்தன் சாட்டில் சொன்ன விஷயம். அமெரிக்காவில் வருமான வரி ரீஃபண்டை வங்கிக் கணக்கே இல்லாம ப்ரீபெய்டு கார்டில் வாங்கிக்கலாமாம். வரிப் படிவத்தில் அந்தக் கார்டுக்கு உண்டான ரூட்டிங் நம்பரையும் அக்கவுண்ட் நம்பரையும் போட்டா போதும், பணம் நேரா கார்டில் வந்து உக்காந்துக்கும். (கார்டு முகத்தில் அச்சடிச்சிருக்கற 16 இலக்க எண் வேற, அக்கவுண்ட் நம்பர் வேற. அதைக் கார்டு கொடுத்த நிறுவனத்துக்கிட்ட கேட்டுத்தான் வாங்கணும்.) "மளிகைக்கடையில் வாங்கற கார்டுல கவர்மெண்ட் காசு போடுதுடா மச்சான்"னான். எனக்கு உடனே தோணினது, ஒரு அரசாங்கம் வாங்கின காசைத் தனி ஆளுக்குத் திருப்பித் தரதுங்கறது எவ்வளவு புது விஷயம்ங்கறதுதான்.

யோசிச்சுப் பாருங்க. ரீஃபண்டுன்னு ஒண்ணு நடக்கணும்னா மூணு சமாச்சாரம் வேணும்.

ஒண்ணு, நீ கட்ட வேண்டியது இவ்வளவுதான்னு ஒரு நிர்ணயம். ரெண்டு, நீ இவ்வளவு கட்டினேன்னு உன் பேர்ல ஒரு பதிவு. மூணு, மிச்சத்தை உன் கைக்குக் கொண்டு வந்து சேர்க்க ஒரு வழி.

இந்த மூணும் ஒரே நேரத்தில் சேரறதுக்கு நம்ம பக்கத்தில் சுமாரா ஆயிரம் வருஷம் ஆயிருக்கு.

சோழர் காலத்து ஒர்க்ஃப்ளோ

முதல்ல சோழர்கள். பதிவு விஷயத்தில் இவங்களை அடிச்சுக்க ஆளே இல்லை. வரித்துறைக்குப் பேரு புரவுவரித் திணைக்களம். வரிக்கணக்கு எழுதற புத்தகத்துக்கு வரிப்பொத்தகம். ராஜா வாயால சொன்னா அது திருவாய்க்கேள்வி. அதை ஓலையில் எழுத ஒருத்தர், சரி பார்க்க ஒருத்தர், வரிக்கணக்கில் ஏத்த ஒருத்தர், ஏத்தினதைப் பார்த்தேன்னு கையெழுத்துப் போட ஒரு கூட்டம். நம்ம ஆபீஸ்ல ஒரு சின்ன மாத்தத்துக்கு ஆறு பேர் அப்ரூவல் வேணும்னு அலுத்துக்கறோமே, அதெல்லாம் ஒண்ணுமே இல்லை.

ஆனைமங்கலம் செப்பேடு (இப்போ நெதர்லாந்தின் லெய்டன் நகர் பேரில் அதை லெய்டன் செப்பேடுன்னு சொல்றாங்க) நல்ல உதாரணம். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் கட்டின சூடாமணி விகாரைக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரோட வரி வருமானத்தைக் கொடுத்தார். வருஷத்துக்கு 8,943 கலம் நெல், அதுக்கு மேல தூணி, குறுணி, நாழி வரைக்கும் கணக்கு. சொன்னது 21ஆம் ஆட்சியாண்டின் 92ஆம் நாள். வரிக்கணக்கில் ஏறினது 96ஆம் நாள். நாலே நாள்!

ஆனா இங்கே கவனிக்க வேண்டியது வேற. அரசாங்கம் வரியை விட்டுக்கொடுத்தது, உண்மை. யாருக்கு? கட்டின விவசாயிக்கு இல்லை. அவர் அதே நெல்லை அளந்துகிட்டுத்தான் இருந்தார். முன்னாடி அரசன் களஞ்சியத்துக்குப் போனது, இப்போ விகாரைக்குப் போகுது. தேவதானம், பள்ளிச்சந்தம், பிரமதேயம், இறையிலின்னு கல்வெட்டு முழுக்க வர வார்த்தைகளில் பெரும்பாலானதுக்கு இதுதான் அர்த்தம். குடியானவன் கையை விட்டுப் போனது போனதுதான், போய்ச் சேர்ற இடம்தான் மாறும். செலவுக்கும் நிபந்தனை உண்டு. இவ்வளவு விளக்கெண்ணெய்க்கு, இவ்வளவு அமுதுபடிக்கு, இவ்வளவு நந்தவனத்துக்குன்னு எழுதி வச்சிருப்பாங்க. இன்ன கடையில் இன்ன பொருள் மட்டும் வாங்கலாம்னு சொல்ற பரிசுக் கார்டு மாதிரி.

முதலாம் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன்னு பேர் வாங்கினார். ஆயிரம் வருஷம் கழிச்சும் பாடப்புத்தகத்தில் அந்தப் பேர் நிக்குது. ஆனா அதுவும் இனிமே வாங்க மாட்டேன்ங்கறதுதான். வாங்கினதைத் திருப்பித் தரேன்ங்கறது இல்லை.

தர முடியாததுக்கு ஒரு எளிய காரணமும் உண்டு. செஞ்சிக்கோட்டைக்குப் போனவங்க ராஜகிரி அடிவாரத்தில் அந்தப் பெரிய நெற்களஞ்சியத்தைப் பார்த்திருப்பீங்க. கல்யாண மகாலைப் படம் எடுத்துட்டு, இதுக்குள்ள தலையை நீட்டி ஒரு தடவை கத்திட்டு, எதிரொலியைக் கேட்டுட்டு வந்திருப்பீங்க. (நானும் அதேதான்.) வரி நெல்லா வந்து அப்படி ஒரு இருட்டுக்குள்ள கொட்டினப்புறம் யாரு நெல்லு எதுன்னு எவன் பிரிச்சுத் தருவான்? சேர்றப்பவே பேர் அழிஞ்சு போற வரி அது.

இவ்வளவுதான் கட்டுவோம்

அடுத்தது விஜயநகரம். செஞ்சிக்குத் தெற்கே விருத்தாசலம், எலவானாசூர், இன்னும் கீழே தஞ்சாவூர்ப் பக்கம் கொறுக்கை, ஆடுதுறை, திருவைகாவூர்னு பல ஊர்க் கல்வெட்டுகள் 1429ஆம் வருஷத்துக் கதை ஒண்ணைச் சொல்லுது. இரண்டாம் தேவராயர் காலம். வலங்கை 98, இடங்கை 98னு சொல்ற சாதிக்குழுக்கள் எல்லாம் ஒண்ணா கூடறாங்க. விளைச்சலைப் பார்க்காம அதிகாரிகள் இஷ்டத்துக்கு வரி போடறாங்க, ஊரை விட்டே ஓடற நிலைமை வந்துடுச்சுன்னு சொல்லி, இன்ன இன்னதுக்கு இவ்வளவுதான் கட்டுவோம்னு பட்டியல் போடறாங்க. வழக்கமா அடிச்சுக்கற வலங்கையும் இடங்கையும் சேர்ந்துதான் இதைச் செஞ்சாங்கங்கறதைக் கவனிங்க.

எனக்குப் பிடிச்சது அதில் இன்னொரு ஷரத்து. நம்மை வருத்தறவங்களுக்கு நம்மில் யாரும் கணக்கு எழுதித் தரக்கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு. கத்தி எடுக்கலை, கோட்டையை முற்றுகை போடலை. கணக்குப்பிள்ளையை நிறுத்திட்டா சர்க்காரே நின்னுடும்னு 600 வருஷம் முன்னாடியே தெரிஞ்சு வச்சிருக்காங்க! டேட்டா என்ட்ரி ஸ்ட்ரைக்கு :-)

நான் சொன்ன மூணில் முதலாவது, நிர்ணயம், கீழேயிருந்து கேட்டு வந்தது இப்படித்தான். ஆனா கட்டின அதிகப்படி திரும்பக் கேட்கலை. இனிமே நியாயமா வாங்குன்னுதான் கேட்டாங்க.

இதுக்கு அப்புறம் 1517 வாக்கில் கிருஷ்ணதேவராயர் சோழமண்டலத்துச் சிவன் கோயில், விஷ்ணு கோயில்களுக்குப் பத்தாயிரம் பொன் வரியைத் தள்ளுபடி பண்ணினார். சோடி, சூலவரி, அரசுப்பேறுன்னு அந்த வரிகளுக்குப் பேரு. அந்த ஆணையை ஒரு கோயிலில் மட்டும் இல்லாம பல கோயில்களில் வெட்டி வச்சிருக்காங்க. இப்போதைய பாஷையில் சொன்னா சுற்றறிக்கை. பயன் மறுபடியும் கோயிலுக்கு.

அதுக்கப்புறம் செஞ்சி நாயக்கர்கள். 1597ல் இங்கே வந்த பிமெண்டாங்கற ஏசு சபைப் பாதிரியார் லிஸ்பனைத் தவிர போர்ச்சுகலில் எந்த ஊரும் இவ்வளவு பெருசு இல்லைன்னு எழுதி வச்சிருக்கார். இன்னைக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்னுகிட்டு அதைப் படிச்சா சிரிப்பும் வரும், கொஞ்சம் வயித்தெரிச்சலும் வரும்.

பணம் ஏத்தாத கார்டு

1677ல் சிவாஜி செஞ்சியைப் பிடிச்சார். அவர் மகன் ராஜாராம் 1689 கடைசியில் முகலாயர்கிட்டேயிருந்து தப்பிச்சு மாறுவேஷத்தில் இங்கே வந்து சேர்ந்தார். 1698ல் ஜுல்பிகர் கான் கோட்டையைப் பிடிக்கற வரைக்கும் மராட்டிய ராஜ்யத்தோட தலைநகரமே நம்ம செஞ்சிதான். (2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சப்போ தமிழ்நாட்டிலிருந்து இது ஒண்ணுதான் இருந்தது. அதுக்குக் காரணம் இந்தக் காலகட்டம்.)

சுத்தி முற்றுகை, கையில் காசு கிடையாது. சர்தார்களைத் தக்க வைக்கணும். ராஜாராம் என்ன பண்ணினார்? எதிரி கையில் இருக்கற நிலத்தோட வருமானத்தைப் பத்திரமா எழுதிக் கொடுத்தார். 1691ல் ஹணமந்தராவ் கோர்படேவுக்குக் கொடுத்த பத்திரத்தில் பிஜாப்பூர், பாகநகர் (அதான் ஹைதராபாத்), அவுரங்காபாத் எல்லாம் தாண்டி டெல்லி வரைக்கும் வருது. டெல்லியைப் பிடிச்சா இவ்வளவுன்னு செஞ்சியிலிருந்து எழுதி இருக்காங்க! முற்றுகைக்குள்ள உக்காந்துகிட்டு!

சிரிக்கலாம். ஆனா அது வேலை செஞ்சது. அந்தத் தாளை நம்பித்தான் பல பேர் கடைசி வரைக்கும் சண்டை போட்டாங்க. பணம் ஏத்தாத ப்ரீபெய்டு கார்டை வாங்கிக்கிட்டு, பணத்தை நீயே போய் ஏத்திக்கோன்னா எப்படி இருக்கும், அது மாதிரி. கொடுக்கறவன் கையில் காசு இருக்கறதைவிட, அவன் வார்த்தை மேல வாங்கறவனுக்கு நம்பிக்கை இருக்கறதுதான் முக்கியம் போல.

நடுவில் மாட்டினது யாருன்னு தனியா சொல்லணுமா? ஒரே ஊருக்கு ரெண்டு பேர் வரி கேட்டா, ரெண்டு பேருக்கும் கட்டறவன் ஒருத்தன்தானே.

தேசிங்கு: அப்பா பேர்ல இருந்த ஃபர்மான்

இப்போ மெயின் பிக்சர்.

முகலாயர் கைக்குச் செஞ்சி வந்ததும் அவுரங்கசீப் புந்தேலா ராஜபுத்திரரான சொரூப் சிங்கைக் கோட்டைக்கு அதிகாரியா போட்டார். கூட ஜாகீரும் உண்டு. 1707ல் அவுரங்கசீப் போயாச்சு. டெல்லியில் நாற்காலிச் சண்டை. இங்கே ஆற்காட்டில் சாதத்துல்லா கான் நவாப். சொரூப் சிங் ஆற்காட்டுக்குக் கட்ட வேண்டிய பணம் வருஷக்கணக்கா நிலுவை. 1714ல் அவரும் இறந்து போனார். பொறுப்பு எடுத்துக்க வந்த பையன் தேஜ் சிங். நம்ம ஜனங்க வாயில தேசிங்கு. வயசு 22.

ஆற்காட்டிலிருந்து பாக்கியைக் கேட்டாங்க. தேசிங்கோட வாதம்: இந்தக் கோட்டையும் ஜாகீரும் பாதுஷா கொடுத்தது, நடுவில் நீ யாரு? ஆற்காட்டோட வாதம்: ஃபர்மான் உங்க அப்பா பேர்ல, கொடுத்த பாதுஷாவும் இப்போ இல்லை. கர்நாடகத்து வசூல் என் பொறுப்பு. பாக்கியைக் கட்டு.

ரெண்டு பக்கமும் தாளை வச்சுத்தான் பேசறாங்கங்கறதைக் கவனிங்க. சினிமாவில் பார்க்கற மாதிரி ஒருத்தன் முழு நல்லவன், ஒருத்தன் முழு வில்லன் இல்லை. யாருக்குக் கட்டணும், எவ்வளவு கட்டணும்ங்கற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய டெல்லி பதில் சொல்லற நிலைமையில் இல்லை. உட்கார்ந்து கணக்குப் பார்த்து, இவ்வளவு உன் பக்கம், இவ்வளவு என் பக்கம்னு சொல்ல ஒரு பொது இடமும் இல்லை. அப்படி ஒரு இடம் இல்லாதப்போ பாக்கித்தொகையை ரெண்டு படைகள்தான் தீர்க்கணும்.

1714 அக்டோபர் 3. சங்கராபரணி ஆத்துப் பக்கம் சண்டை. தேசிங்கு சின்னப் படையோட இறங்கினார். வழுதாவூர்க்காரரான நண்பர் மகபத் கான் கல்யாணத்தையே விட்டுட்டு ஓடி வந்தார்னு கதைப்பாட்டு சொல்லும். ஆத்தில் வெள்ளம், பாராசாரிங்கற குதிரை, நீலவேணிங்கற குதிரை எல்லாம் கதைப்பாட்டோடது. அதைப் பாடறவங்க குரலில் கேட்டாத்தான் அழகு, நான் கெடுக்கலை. ரெண்டு நண்பர்களும் அன்னைக்கே செத்தாங்க. ஒருத்தர் இந்து, ஒருத்தர் முஸ்லிம். முந்நூறு வருஷமா ஜனங்க ரெண்டு பேர் பேரையும் சேர்த்தே சொல்றாங்க.

தேசிங்கோட மனைவி உடன்கட்டை ஏறினாள். ராணிப்பேட்டைங்கற பேர் அவள் நினைவா வந்ததுன்னு சொல்வாங்க. கோட்டைக்குள்ள செட்டிக்குளத்தங்கரையில் ஒரு மேடையைக் காட்டி, இங்கேதான் தேசிங்கை எரிச்சாங்கன்னு ஊர்க்காரங்க சொல்வாங்க. ஒரு பாக்கிக்கணக்கு கடைசியில் வந்து நின்ன இடம் அந்த மேடை. அவ்வளவு சின்னதா இருக்கும்.

வஜா

1801ல் கர்நாடகம் கம்பெனி கைக்கு வந்தது. தென்னார்க்காடு மாவட்டம், கலெக்டர், தாசில்தார், கர்ணம், அப்புறம் ரயத்துவாரி. இங்கேதான் நம்ம கதையில் பெரிய திருப்பம். பட்டா தனி ஆள் பேர்ல. நடுவில் பாளையக்காரர் இல்லை, ஜமீன் இல்லை. சர்க்காரும் குடியானவனும் நேருக்கு நேர். என் மூணில் ரெண்டாவதான பதிவு, இப்போதான் நிஜமா ஒருத்தன் பேருக்கு வருது.

ஜமாபந்தின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. ஒவ்வொரு பசலி வருஷமும் ஊர்க்கணக்கையெல்லாம் தாலுக்கா கச்சேரிக்குக் கொண்டு வந்து, இந்த வருஷம் இன்னார் இவ்வளவுன்னு முடிவு பண்றது. மழை பொய்ச்சு, ஏரி வறண்டு, பயிர் சாவியாப் போனா அதில் ஒரு பகுதியைத் தள்ளுவாங்க. அதுக்குப் பேரு வஜா. எங்க பாட்டி வாயில இந்த வார்த்தை வெகுசாதாரணமா வரும். மாமா ஏதாவது தப்பு பண்ணிட்டு நின்னா, "போறான் வஜா பண்ணிடு"ன்னு சிபாரிசு பண்ணுவாங்க. பாட்டிக்கு அது வருவாய்த்துறை வார்த்தைன்னு தெரியுமோ தெரியாதோ!

ஆனா பாட்டி சொன்னதில் சரியான அர்த்தம் இருக்கு. வஜா உரிமை இல்லை, மன்னிப்பு. கர்ணம் எழுதணும், தாசில்தார் நம்பணும், மேலே ஒருத்தர் மனசு வைக்கணும். ஒவ்வொரு படியிலும் கை நீளும். வஜா கிடைக்காதவன் கட்டலைன்னா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க 1855ல் வெளிவந்த சென்னை மாகாணச் சித்திரவதைக் கமிஷன் அறிக்கையைப் படிங்க. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன்னு மூணு வெள்ளைக்காரங்க எழுதினது. வரி வசூலுக்காக விரலைக் கிட்டியில் வச்சு நெரிக்கறது, அனந்தாள்னு குனிய வச்சுக் கட்டிப் போட்டு வெயிலில் நிறுத்தறது எல்லாம் நடந்ததுன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அடிச்சவங்களும் அடி வாங்கினவங்களும் நம்மாளுங்கதான். உத்தரவும் வசூலும் மட்டும் கம்பெனிக்கு.

ஜமாபந்தி இன்னும் நடக்குது. வருவாய்த் தீர்வாயம்னு பேர் மாத்தியாச்சு. மே, ஜூன்ல செஞ்சி தாலுக்கா ஆபீஸ் வாசல்ல கூட்டத்தைப் பார்க்கலாம். இப்போ பெரும்பாலும் பட்டா மாறுதல் மனு, முதியோர் உதவித்தொகை மனு.

வாங்கினது தப்புன்னா வட்டியோட தரணும்

1857 சிப்பாய்க் கலகச் செலவு கழுத்தைப் பிடிக்க, 1860ல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவுக்கு வருமான வரியைக் கொண்டு வந்தார். அதே வருஷம் ஆகஸ்டில் கல்கத்தாவில் செத்தும் போனார். (வரி கட்டினவங்க சாபம்னு சொல்லப்படாது.) அந்த வரி வந்து, போய், மறுபடி வந்து, 1886க்கு அப்புறம் நிலைச்சது. விவசாய வருமானத்தை அப்போ வெளியே வச்சாங்க. செஞ்சிப் பக்கத்து நெல்லும் மணிலாவும் போடற குடியானவனுக்கு வருமான வரியும் கிடையாது, ரீஃபண்டும் கிடையாதுங்கறதுக்கு வேர் அங்கே இருக்கு.

1922 சட்டத்தில் 48ஆம் பிரிவு ரீஃபண்டுக்குன்னே இருந்தது. அதிகமா கட்டினதை நிரூபிச்சா திருப்பித் தரணும். கருணை இல்லை, உரிமை. 1961 சட்டத்தில் பின்னாடி 244ஏன்னு ஒரு பிரிவைச் சேர்த்தாங்க. சர்க்கார் தர லேட் பண்ணினா சர்க்கார்தான் வட்டி தரணும், மாசத்துக்கு அரை சதவீதம். (அந்தச் சட்டத்துக்குப் பதிலா 2025ல் புதுச் சட்டம் போட்டாங்க. 2026 ஏப்ரல் 1லிருந்து அது அமல்.)

அரை சதவீதம்தானேன்னு அலட்சியமா சொல்லாதீங்க. ராஜா குடியானவனுக்கு வட்டி கட்டறான்! ராஜராஜன் காலத்திலிருந்து வரிசையா படிச்சுட்டு இந்த வரிக்கு வந்தப்போ எனக்கு நிஜமாவே சிலிர்த்தது. நிர்ணயம் வந்தாச்சு, பதிவு வந்தாச்சு. மூணாவதா வழி?

அந்தக் காலத்து ரீஃபண்டு காகித வவுச்சர்ல வரும், அப்புறம் காசோலை. விலாசம் மாறினா போச்சு, தபால்ல தொலைஞ்சா போச்சு, கொடுக்கறவரைக் "கவனிக்கணும்"னும் கேள்வி. 2007 ஜனவரியில் ஸ்டேட் பாங்க் வழியா நேரா அனுப்பற ஏற்பாடு சில ஊர்களில் தொடங்குச்சு. 2019 மார்ச் 1லிருந்து காசோலையே கிடையாது, பான் எண்ணோட இணைஞ்ச வங்கிக் கணக்குக்கு மட்டும்தான். ப்ரீபெய்டு கார்டெல்லாம் இங்கே செல்லாது.

எங்க பெரியப்பா கதை இங்கேதான் வருது. ரிட்டயர்மெண்ட் பணத்தை ஒரு வங்கியில் டெபாசிட் போட்டிருந்தார். படிவம் கொடுத்தும் வட்டியில் வரி பிடிச்சுட்டாங்க. ரிட்டர்ன் போட்டோம், ரீஃபண்டு உண்டுன்னு கணக்கும் வந்தது. பணம் வரலை. காரணம், பான் அட்டையில் அவங்க அப்பா பேர் முழுசா விரிஞ்சு நிக்குது, பாஸ்புக்கில் வெறும் இனிஷியல். ரெண்டும் பொருந்தலை. நம்ம தமிழ் இனிஷியலைப் புரிஞ்சுக்கற மென்பொருளை இன்னும் யாரும் எழுதலை போல. (நாமளும்தானே இந்தத் தொழில்ல இருக்கோம், யாரைச் சொல்ல.) நாலு தடவை செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் அலைஞ்சார். "என் அப்பா பேரே எனக்கு வினையாப் போச்சு பாரு"ன்னார். தேசிங்குக்கும் அதே பிரச்சினைதான் பெரியப்பான்னு சொன்னேன். முறைச்சார்.

அந்தக் கார்டு யாருக்கு?

இப்போ நண்பன் சொன்ன கார்டுக்கு வருவோம். அமெரிக்காவில் வங்கிக் கணக்கே இல்லாத ஏழை ஜனங்க லட்சக்கணக்கில் உண்டு. அவங்களுக்குக் காசோலை வந்தா, அதைப் பணமாக்கற கடையில் ஒரு பங்கைக் கமிஷனாக் கொடுத்துட்டுத்தான் மிச்சத்தை வாங்கணும். நம்ம ஊர்ல மணியார்டர் கொண்டு வர தபால்காரருக்கு அஞ்சு பத்து கொடுத்த மாதிரி, ஆனா இது கணிசமான தொகை. அதுக்குத்தான் கார்டு. 2011ல் அமெரிக்கக் கருவூலத்துறையே லட்சக்கணக்கான பேருக்குக் கடிதம் போட்டு, ரீஃபண்டை வாங்கிக்க ஒரு கார்டு தரோம்னு கேட்டுப் பார்த்தது. ரொம்பக் கொஞ்சம் பேர்தான் சேர்ந்தாங்க.

2020 மே மாசம் கொரோனா நிவாரணப் பணத்தைச் சுமார் 40 லட்சம் பேருக்கு ப்ரீபெய்டு கார்டாவே தபாலில் அனுப்பினாங்க. உறையில் அரசாங்க முத்திரை எதுவும் கண்ணில் படலை, ஏதோ விளம்பரம்னு நினைச்சுப் பல பேர் குப்பையில் போட்டுட்டாங்க! 2025 செப்டம்பர் 30க்கு மேல காகிதக் காசோலையைக் குறைச்சுக்கிட்டே வரணும்னு அங்கே உத்தரவு வந்தது. அதனால கணக்கு இல்லாதவனுக்குக் கார்டுதான் கதி.

டெக்னிக்கலா பார்த்தா பிரச்சினை தீர்ந்தாச்சு. ஆனா இதைக் கவனிங்க. கார்டை எடுக்க மாசக் கட்டணம், ஏடிஎம்மில் எடுத்தா கட்டணம், சும்மா வச்சிருந்தாலும் சில கார்டில் கட்டணம். காசோலைக் கடைக்காரன் வாங்கின பங்கை இப்போ கார்டு வாங்குது. கர்ணம் வாங்கினது, இஜாராதாரன் வாங்கினது, நடுவில் நிக்கறவன் எப்பவும் வாங்கறது. வாங்கறவன் முகம்தான் மாறுது.

நம்ம பக்கம் வேற வழியில் போனோம். 2014ல் ஜன் தன், எல்லாருக்கும் கணக்கு. 2023 செப்டம்பர் 15ல் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கினப்போ மாசம் ஆயிரம் ரூபாய் ஒரு கோடிக்கு மேல பெண்கள் கணக்குக்கு நேராப் போச்சு, கையில் ஏடிஎம் கார்டும் கொடுத்தாங்க. அது ரீஃபண்டு இல்லைதான். ஆனா ஒண்ணு யோசிங்க. அந்த அம்மா வாங்கற சோப்பு, எண்ணெய், தீப்பெட்டி எல்லாத்திலும் வரி கட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க, பேர் தெரியாத வரி. களஞ்சியத்தில் கொட்டின நெல் மாதிரி, யாரு கட்டினதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாத வரி. அதில் ஒரு மரக்கால் அவங்க பேர் போட்டு, நடுவில் கை நீட்ட ஆள் இல்லாம, திரும்பி வருதுன்னா ஆனைமங்கலத்துக் குடியானவனுக்குக் கிடைக்காத ஒண்ணு அவங்களுக்குக் கிடைக்குதுன்னுதான் நான் சொல்வேன். "இலவசம்"னு முகம் சுளிக்கற நண்பர்களோட எனக்கு இங்கேதான் கருத்து வேறுபாடு. வாங்க, சண்டை போடலாம்.

ஆக, ஆரம்பத்தில் தேடின ஆள் கிடைச்சாரா? கல்வெட்டில் இல்லை, கதைப்பாட்டில் இல்லை, ஜமாபந்திக் கணக்கில் பாதி முகம் தெரியுது. முழுசா வரது ரொம்பப் பிந்தித்தான். அவரும் இன்னும் பாஸ்புக்கைத் தூக்கிக்கிட்டுக் கவுண்டர் கவுண்டரா நிக்கறார். சிலை வைக்கிற அளவு ஆள் இல்லைதான். ஆனா தேசிங்குக்குக் கிடைக்காத ஒண்ணு அவர் கையில் இருக்கு: கணக்கு கேட்டு எழுதிப்போட ஒரு விலாசம்.

உங்க ஊர்க் கோயில் சுவரில் வரி தள்ளுபடிக் கல்வெட்டு இருந்தா, யாருக்குத் தள்ளினாங்க, குடியானவனுக்கா கோயிலுக்கான்னு பார்த்து ஒரு வரி பின்னூட்டத்தில் போடுங்களேன். குடியானவனுக்குன்னு ஒண்ணே ஒண்ணு கிடைச்சாலும் எனக்குச் சந்தோஷம்.

டிஸ்கி: செஞ்சி போறவங்க ராஜகிரி ஏறணும்னா காலையிலேயே போயிடுங்க. தண்ணி பாட்டில் முக்கியம். பையில் சாப்பாடு இருந்தா வரி வசூலுக்குக் குரங்குகள் வரும். அங்கே வஜாவும் கிடையாது, ரீஃபண்டும் கிடையாது :-)